ஒன்பது மணிக்கே தோற்றோமா?

2024 மார்ச் 4, திங்கட்கிழமை. மும்பை பாந்த்ரா-குர்லா வளாகத்தில் இருக்கும் சரத் பவார் கிரிக்கெட் அகாடமி மைதானத்தில் ரஞ்சிக் கோப்பை அரையிறுதி மூன்றாவது நாளிலேயே முடிந்துபோனது. ஐந்து நாள் ஆட்டத்தில் இரண்டு நாள் மிச்சம். ஓர் இன்னிங்ஸ், 70 ரன் வித்தியாசத்தில் தமிழ்நாடு மும்பையிடம் தோற்றது.

ஆட்டம் முடிந்ததும் தமிழ்நாட்டின் தலைமைப் பயிற்சியாளர் சுலக்ஷன் குல்கர்னி நிருபர்களிடம் மனம் திறந்தார். அவர் மும்பைக்காரர், மும்பையின் முன்னாள் விக்கெட் கீப்பர். இந்த மண்ணின் குணம் தனக்குத் தெரியும் என்றார். ஆடுகளத்தைப் பார்த்ததுமே முதலில் பந்துவீசுவதுதான் சரி என்று மனத்தளவில் தயாராகிவிட்டதாகவும், கேப்டனுக்கு வேறு மாதிரி தோன்றியதாகவும் சொன்னார். முதல் நாள் காலை 9 மணிக்கே ஆட்டத்தை இழந்துவிட்டோம் என்பது அவருடைய தீர்ப்பு.

9 மணிக்கு டாஸ். டாஸை வென்று பேட்டிங் எடுத்தவர் 27 வயது கேப்டன் ஆர். சாய் கிஷோர். ஆக, பயிற்சியாளரின் விரல் யாரை நோக்கி நீண்டது என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு அணியை அரையிறுதிக்குக் கொண்டுவந்த கேப்டனைத் தாங்கிப் பிடிக்க வேண்டியவரே அவரையும் அணியையும் கைவிட்டுவிட்டார் என்று தினேஷ் கார்த்திக் சமூக வலைதளத்தில் கொதித்தார். அந்த சீசனின் விஜய் ஹசாரே கோப்பையில் இதே சுலக்ஷனின் பயிற்சியில் தமிழ்நாட்டுக்குக் கேப்டனாக இருந்தவர் அவர்.

அடுத்த சீசனுக்கு அணி கிளம்பும்போது பயிற்சியாளர் நாற்காலியில் எல். பாலாஜி இருந்தார். சுலக்ஷனின் தமிழ்நாட்டுக் காலம் ஒரே ஒரு சீசன்.

புதிதாக வந்த ஒரு பயிற்சியாளரின் முதல் ஆண்டை எதை வைத்து அளப்பது? கடைசித் தோல்வியை வைத்தா, அதற்குப் பிறகு அவர் பேசிய பேச்சை வைத்தா, ஆண்டு முழுக்க அவர் செய்த வேலையை வைத்தா? மூன்றுக்கும் தனித்தனிக் கணக்கு எழுத வேண்டும். நாம் அந்த மூன்றையும் ஒரே கணக்கில் எழுதிவிட்டோம். அதனால்தான் பழைய ஆட்டமாக இருந்தாலும் இதை மறுபடி திறந்து பார்க்கிறேன்.

106-க்கு 7

முதலில் அந்த ஆட்டம். 9 மணிக்கே தோற்றுவிட்டோம் என்பது உண்மையா?

முதல் ஒரு மணி நேரம் மோசம்தான், மறுக்க முடியாது. புல் விட்டிருந்த ஆடுகளத்தில் சாய் சுதர்சன் ரன் எடுக்காமல் முதல் ஓவரிலேயே போனார். அந்த சீசனில் முச்சதம் அடித்திருந்த ஜெகதீசன் நிற்கவில்லை. 42 ரன்னுக்கு 5 விக்கெட். விஜய் சங்கர் 44, வாஷிங்டன் சுந்தர் 43 என்று இருவர் மட்டும் போராடி மொத்தம் 146. துஷார் தேஷ்பாண்டேவுக்கு 3 விக்கெட்.

இதோடு நிறுத்தினால் பயிற்சியாளர் சொன்னது சரியாகிவிடும். ஆனால் ஆட்டம் இதோடு நிற்கவில்லை. இரண்டாம் நாள் சாய் கிஷோர் பந்தை எடுத்தார். மும்பையின் பெரிய பெயர்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. கேப்டன் ரஹானே நிலைக்கவில்லை. இந்திய அணியிலிருந்து ரஞ்சிக்குத் திரும்பியிருந்த ஷ்ரேயஸ் ஐயர் 3 ரன்னில் சந்தீப் வாரியரிடம் போல்டு. முஷீர் கான் மட்டும் 55 எடுத்தார். மும்பை 106 ரன்னுக்கு 7 விக்கெட். அப்போதும் அவர்கள் தமிழ்நாட்டைவிட 40 ரன் பின்தங்கித்தான் இருந்தார்கள்.

அந்த நிமிடத்தில் ஆட்டம் யார் கையில் இருந்தது? தமிழ்நாட்டின் கையில். டாஸில் செய்தது தவறு என்றே வைத்துக்கொண்டாலும், தவறு செய்த கேப்டனே தன் இடக்கைச் சுழலால் அதைச் சரிக்கட்டிவிட்டார். இன்னும் மூன்று விக்கெட் எடுத்தால் முதல் இன்னிங்ஸ் முன்னிலைகூடக் கிடைக்கும்.

அங்கேதான் ஷர்துல் தாக்கூர் வந்தார். ஹார்திக் தாமோரேவைக் கூட வைத்துக்கொண்டு 8-வது விக்கெட்டுக்கு 105. தனுஷ் கோட்டியனோடு 9-வது விக்கெட்டுக்கு 79. ஷர்துல் 104 பந்தில் 109. முதல்தர கிரிக்கெட்டில் அவருடைய முதல் சதம். அவர் போன பிறகும் விடவில்லை. கோட்டியனும் கடைசி ஆட்டக்காரர் தேஷ்பாண்டேவும் 10-வது விக்கெட்டுக்கு 88. கோட்டியன் ஆட்டமிழக்காமல் 89. மும்பை 378. கடைசி மூன்று விக்கெட்டுக்கு மட்டும் 272 ரன்! தமிழ்நாட்டின் இரண்டு இன்னிங்ஸையும் சேர்த்தால் 308 தான் வருகிறது. சாய் கிஷோர் 99 ரன் கொடுத்து 6 விக்கெட் எடுத்தும் பலனில்லை. இரண்டாவது இன்னிங்ஸில் இந்திரஜித் 70 எடுக்க, மற்றவர்கள் மனம் உடைந்தவர்களாக ஆடி 162-ல் முடிந்தார்கள்.

ஆகவே ஸ்கோர்போர்டு வேறு கதை சொல்கிறது. ஆட்டம் கை நழுவியது இரண்டாம் நாள், மும்பையின் வால் ஆடத் தொடங்கிய பிறகு.

இந்த வாலைப் பற்றிப் பயிற்சியாளருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அரையிறுதிக்குச் சில நாள் முன்பு, பிப்ரவரி 27-ம் தேதி, இதே மைதானத்தில், பரோடாவுக்கு எதிரான காலிறுதியில் 10-வது, 11-வது இடத்தில் இறங்கிய கோட்டியனும் தேஷ்பாண்டேவும் ஆளுக்கொரு சதம் அடித்திருந்தார்கள். கோட்டியன் 120, தேஷ்பாண்டே 123, இருவரும் கடைசி விக்கெட்டுக்குச் சேர்த்தது 232. நாடு முழுக்கப் பத்திரிகைகள் அதைக் கொண்டாடின. எதிரணியின் 9, 10, 11-ம் ஆட்டக்காரர்களுக்கு எங்கே பந்து போடுவது, எப்போது களத்தைப் பரப்புவது, எப்போது நெருக்குவது என்று தனித் திட்டம் தயாரிப்பது முழுக்க முழுக்கப் பயிற்சியாளர் அறையின் வேலை. களத்தில் அப்படி ஒரு திட்டம் கண்ணில் படவில்லை.

டாஸ் விஷயத்துக்கே வருவோம். ஆடுகளம் பார்த்ததும் பந்துவீச்சுதான் என்று பயிற்சியாளருக்கு உறுதியாகத் தெரிந்திருந்தது என்றால், முந்தைய நாள் இரவே கேப்டனோடு உட்கார்ந்து பேசி முடித்திருக்க வேண்டிய விஷயம் அது. மும்பைக் கிரிக்கெட்டில் வளர்ந்த ஒருவரைத் தமிழ்நாடு வேலைக்கு வைத்ததன் முழுப் பலனும் அந்த ஓர் இரவில்தான் இருந்தது. சாய் கிஷோர் பக்க நியாயமும் உண்டு. தமிழ்நாட்டின் பலம் அவரும் அஜித் ராமும் சேர்ந்த இடக்கைச் சுழல் ஜோடி. முதலில் ஆடி ரன் சேர்த்து, ஆடுகளம் தேய்ந்த பிறகு எதிரணியைச் சுழலில் சிக்கவைப்பது அந்த ஆண்டு அவர்களுக்குக் கைகொடுத்த வழி. ஜெயித்துக்கொண்டு வந்த வழியை ஒரு கேப்டன் அரையிறுதியில் விடாமல் பிடித்துக்கொண்டதைக் குற்றம் என்று சொல்ல மனம் வரவில்லை. அந்த வழி இந்த மைதானத்துக்கு ஒத்துவராது என்று அவரை நம்பவைக்க முடியாமல் போனதில் பயிற்சியாளருக்கும் பங்கு உண்டு.

கூடைப்பந்து கோச்சும் கிரிக்கெட் கோச்சும்

மும்பை மாட்டுங்காவில் இந்தியன் ஜிம்கானா பக்கம் கூடைப்பந்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு விஷயம் புரியும். கூடைப்பந்தில் கோச் கோட்டுக்கு அருகிலேயே நிற்கிறார். ஆளை மாற்றுவது அவர், டைம்-அவுட் கேட்பது அவர், அடுத்த நகர்வு என்ன என்று பலகையில் வரைந்து காட்டுவதும் அவர். தோற்றால் நேராக அவரைக் கேட்கலாம். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் தோல்விக்கு முதல் பதில் சொல்ல வேண்டியவர் கோச் என்று ஆனது அதனால்தான்.

அங்கேகூட ஒரு பாடம் இருக்கிறது. டியூக் பல்கலைக்கழகத்துக்கு 1980-ல் மைக் ஷஷெவ்ஸ்கி என்ற இளம் பயிற்சியாளர் வந்தார். முதல் சீசனில் 17 வெற்றி, 13 தோல்வி. பரவாயில்லை என்றார்கள். இரண்டாவது சீசனில் 10 வெற்றி, 17 தோல்வி. மூன்றாவதில் 11 வெற்றி, 17 தோல்வி. கடைசி ஆட்டத்தில் வர்ஜீனியாவிடம் 109-66 என்று நொறுங்கினார்கள். ஆளை மாற்று என்று கூச்சல் எழுந்தது. விளையாட்டுத் துறைத் தலைவர் டாம் பட்டர்ஸ் அசையவில்லை, ஒப்பந்தத்தை நீட்டித்தார். ஷஷெவ்ஸ்கி 2022-ல் ஓய்வு பெற்றபோது டியூக்குக்கு ஐந்து தேசியப் பட்டங்களை வாங்கிக் கொடுத்திருந்தார். கூச்சலைக் கேட்டு 1983-லேயே அனுப்பியிருந்தால் இதில் ஒன்றும் நடந்திருக்காது.

கிரிக்கெட்டில் கோச்சின் கை அவ்வளவு நீளமில்லை. ஆட்டம் தொடங்கிவிட்டால் கேப்டன்தான் எல்லாம். சுலக்ஷனும் இதை ஒப்புக்கொண்டார். யோசனை சொல்லலாம், கடைசியில் கேப்டன்தான் முதலாளி என்றார். அப்படியானால் கிரிக்கெட் பயிற்சியாளரின் வேலையை எங்கே தேடுவது? ஆட்டத்துக்கு வெளியே. யாரைத் தேர்ந்தெடுத்தார்கள், யார் முன்னேறினார்கள், ஒரு தோல்விக்குப் பிறகு அணி எப்படி எழுந்தது, காயம்பட்டவன் ஏன் திரும்ப வந்து ஆடினான் என்பதிலெல்லாம் தேட வேண்டும்.

ஒன்பது ஆட்டங்களின் கணக்கு

அந்த 2023-24 ரஞ்சி சீசன் தமிழ்நாட்டுக்குத் தோல்வியில்தான் தொடங்கியது. வல்சாடில் குஜராத்திடம் 111 ரன்னில் தோற்றார்கள். அடுத்து திரிபுராவோடு சமன். இரண்டு ஆட்டம் முடிந்தபோது கையில் ஒரே ஒரு புள்ளி. வழக்கமாக இந்த இடத்தில்தான் தமிழ்நாடு படுத்துவிடும். பல ஆண்டுகளாக அதைத்தான் பார்த்தோம்.

இந்த முறை படுக்கவில்லை. கோவையில் ரயில்வேயை இன்னிங்ஸ் வித்தியாசத்தில் வென்றார்கள். ஜெகதீசன் ஆட்டமிழக்காமல் 245. அடுத்த ஆட்டத்தில் சண்டிகருக்கு எதிராக அவரே 321. அதுவும் இன்னிங்ஸ் வெற்றி. கோவாவை வென்றார்கள். சேப்பாக்கத்தில் கர்நாடகத்துக்கு எதிராக நான்காவது இன்னிங்ஸில் 355 தேவை. தற்காப்புக்குப் போகாமல் துரத்தி 338-க்கு 8 என்ற இடத்தில் நேரம் முடிந்தது. வெறும் 17 ரன் குறைவு. எனக்கு அந்த சீசனில் மிகவும் பிடித்த ஆட்டம் அதுதான். ஜெயிக்கவில்லை, ஆனால் பயமில்லாத ஓர் அணியைப் பார்த்தோம். பிறகு சேலத்தில் பஞ்சாப்பை 9 விக்கெட்டில் வென்று பிரிவில் முதலிடம்.

காலிறுதியில் எதிரே நின்றது நடப்புச் சாம்பியன் சௌராஷ்டிரம். கோவையில் சாய் கிஷோர் முதல் இன்னிங்ஸில் 5 விக்கெட் எடுத்து, முன்வரிசையில் இறங்கி 60 ரன்னும் அடித்தார். இன்னிங்ஸ், 33 ரன் வித்தியாசத்தில் வெற்றி. அந்த சீசனில் ரஞ்சியிலேயே அதிக விக்கெட் எடுத்தவர் அவர்தான்: 53.

மொத்தம் ஒன்பது ஆட்டம். ஐந்து வெற்றி, இரண்டு சமன், இரண்டு தோல்வி. 2017 ஜனவரியில் ராஜ்கோட்டில் மும்பையிடம் தோற்ற அரையிறுதிக்குப் பிறகு தமிழ்நாடு இவ்வளவு தூரம் வந்ததே இல்லை.

ரஞ்சிக்கு முன்பு, நவம்பர்-டிசம்பரில் நடந்த விஜய் ஹசாரே கோப்பையிலும் அணி அரையிறுதிவரை போனது. காலிறுதியில் இதே மும்பையை 7 விக்கெட்டில் வென்றார்கள்; இந்திரஜித் ஆட்டமிழக்காமல் 103. ஹரியானாவுக்கு எதிரான அரையிறுதியில் இன்னிங்ஸ் இடைவேளையின்போது குளியலறையில் வழுக்கி விழுந்து அவருடைய உதடு கிழிந்தது. வாயைச் சுற்றிப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு களமிறங்கி 64 ரன் அடித்தார். அந்தப் படம் அன்று எல்லோர் கைபேசியிலும் சுற்றியது. அணி தோற்றது. ஆனால் வீரர்கள் எதற்காக ஆடினார்கள் என்பதை அந்தப் பிளாஸ்திரி ஒட்டிய முகம் காட்டியது. இப்படி ஓர் அணியைக் கட்டியதில் பயிற்சியாளருக்குப் பங்கே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது.

மித்தி ஆற்றின் இந்தக் கரையில்

மும்பைத் தமிழர்களுக்கு அந்த அரையிறுதி தனி உணர்ச்சி. பாந்த்ரா-குர்லா வளாகத்துக்கும் தாராவிக்கும் நடுவே ஓடுவது மித்தி ஆறு ஒன்றுதான். கண்ணாடிக் கட்டடங்களின் நிழலில் இருக்கும் அந்த மைதானத்துக்குத் தாராவி 90 அடிச் சாலையிலிருந்து தமிழ்நாடு என்ற பெயரைப் பார்ப்பதற்காகவே போகலாம். மாட்டுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-ல் தொடங்கியது. செம்பூர் சேடா நகரில் முருகன் கோயில் இருக்கிறது. மூன்று தலைமுறையாக இங்கே வேர்விட்ட குடும்பங்களுக்கு இந்த ஆட்டத்தில் யாருக்குக் கை தட்டுவது என்பது எளிதான கேள்வியாக இருக்கவில்லை. மும்பை அணியிலேயே ஷ்ரேயஸ் ஐயர் ஆடினார்; மாட்டுங்கா டான் போஸ்கோ பள்ளியிலும் போதார் கல்லூரியிலும் படித்த பையன். எதிர்ப் பக்கம் தமிழ்நாட்டின் பயிற்சியாளராக உட்கார்ந்திருந்தவரோ மும்பை மராத்தியர். யார் எந்த ஊர் என்று பிரித்துப் பார்த்தால் தலை சுற்றும்.

மும்பைக்காரர்கள் கிரிக்கெட்டில் இரக்கம் பார்க்காதவர்கள். தோல்விக்குச் சாக்கு சொன்னால் சிவாஜி பார்க்கில் யாரும் காது கொடுத்துக் கேட்க மாட்டார்கள். மனத்தில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்வதை அங்கே ஒரு நற்குணமாகவே வளர்க்கிறார்கள். சுலக்ஷன் அந்தப் பள்ளியில் படித்தவர். டிரெஸ்ஸிங் ரூமுக்குள் அந்தக் குணம் மருந்து. மைக்குக்கு முன்னால் அது வேறு ஆளைக் காயப்படுத்தும். தன் கேப்டனான ஒரு 27 வயது இளைஞரைப் பற்றி, அவர் 6 விக்கெட் எடுத்த ஆட்டத்திலேயே, ஊரறியப் பேசியது பெரிய தவறு. தினேஷ் கார்த்திக் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் இதே சுலக்ஷனுக்கு இதே ஊர் ஒரு காலத்தில் என்ன செய்தது என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. 2011-ல் அவர் மும்பையின் பயிற்சியாளர் ஆனார். அந்த முதல் சீசன் எங்கே முடிந்தது தெரியுமா? 2012 ஜனவரியில் வாங்கடேயில் நடந்த அரையிறுதியில், தமிழ்நாட்டிடம். முதல் இன்னிங்ஸ் முன்னிலையால் தமிழ்நாடு இறுதிக்குப் போனது. சொந்த மண்ணில் மும்பை வெளியே. கோப்பையைத் தவிர எதையும் வெற்றியாக எண்ணாத சங்கம் அது. இருந்தும் அவருக்கு இரண்டாவது சீசன் கொடுத்தார்கள். 2013 ஜனவரியில் அதே வாங்கடேயில், அஜித் அகர்கர் தலைமையில், சௌராஷ்டிரத்தை இன்னிங்ஸ், 125 ரன்னில் வென்று மும்பை தன் 40-வது ரஞ்சிக் கோப்பையைத் தூக்கியது. பயிற்சியாளர் சுலக்ஷன் குல்கர்னி.

அரையிறுதித் தோல்வி, பிறகு கோப்பை. மும்பை அவருக்குக் கொடுத்த அந்த இரண்டாவது ஆண்டைத் தமிழ்நாடு கொடுக்கவில்லை.

பொறுமை மும்பைக்கும் எப்போதும் இருந்ததில்லை

மும்பையைப் புகழ்ந்து மட்டும் எழுதினால் பாதி உண்மையை மறைத்ததாகும். 2015-16-ல் சந்திரகாந்த் பண்டிட் பயிற்சியில் 41-வது கோப்பை. அடுத்த ஆண்டு இறுதியில் குஜராத்திடம் தோல்வி, பண்டிட் போனார். 2017-ல் சமீர் திகே, ஒரே சீசன். 2018-ல் விநாயக் சாமந்த். பிறகு அமித் பக்னிஸ்; 2021 ஜனவரியில் சையத் முஷ்டாக் அலி கோப்பையில் அணி அடி மேல் அடி வாங்க, அடுத்த மாதமே ரமேஷ் பவார். அவர் விஜய் ஹசாரே கோப்பையை வென்றுவிட்டு இந்திய மகளிர் அணிக்குப் போக, ஜூனில் அமோல் மஜும்தார். நான்கே ஆண்டில் ஐந்து பயிற்சியாளர். அந்தக் காலம் முழுக்க மும்பைக்கு ரஞ்சிக் கோப்பை கிடைக்கவில்லை.

அமோலின் முதல் சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 டிசம்பரில் விஜய் ஹசாரே கோப்பையில் ஐந்து ஆட்டத்தில் ஒன்றில்தான் வெற்றி, புதுச்சேரியிடமும் தோற்றார்கள். மும்பை கிரிக்கெட் அவமானப்பட்டது என்றே எழுதினார்கள். 2022 ஜூனில் ரஞ்சிக் காலிறுதியில் உத்தராகண்டை 725 ரன்னில் வென்று உலக சாதனை படைத்தார்கள். இறுதியில் மத்தியப் பிரதேசத்திடம் தோல்வி. அமோலை மாற்றவில்லை. நவம்பரில் மும்பைக்கு முதல் முறையாக சையத் முஷ்டாக் அலி கோப்பை.

அந்த ரஞ்சி இறுதியில் எதிர் அணியின் பயிற்சியாளராக இருந்தவர் யார்? மும்பையிலிருந்து போன பண்டிட். 2020-ல் மத்தியப் பிரதேசத்துக்கு வந்தார். அந்த சீசனில் கொரோனாவால் ரஞ்சியே நடக்கவில்லை. காத்திருந்தார்கள். 2022-ல் அந்த மாநிலத்தின் முதல் ரஞ்சிக் கோப்பை. கொல்கத்தா நைட் ரைடர்ஸ் அணியிலும் இதே கதைதான்: 2023-ல் அவருடைய முதல் ஐ.பி.எல். சீசனில் 7-வது இடம், 2024-ல் சேப்பாக்கத்தில் சாம்பியன்.

அமோலைப் பற்றி இன்னொன்று. முதல்தர கிரிக்கெட்டில் 11,000 ரன்னுக்கு மேல் அடித்தும் இந்தியாவுக்கு ஒருமுறைகூட ஆட வாய்ப்புக் கிடைக்காத மனிதர். 2023 அக்டோபரில் இந்திய மகளிர் அணியின் பயிற்சியாளர் ஆனார். அடுத்த ஆண்டு டி20 உலகக் கோப்பையில் அணி பிரிவுச் சுற்றோடு வெளியேறியது. 2025 உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து என்று வரிசையாக மூன்று தோல்வி. இங்கிலாந்திடம் தோற்றது வெறும் 4 ரன்னில். அந்த வாரம் அவரையும் கேப்டன் ஹர்மன்பிரீத்தையும் எவ்வளவு வசைபாடினார்கள்! பதினொரு நாள் கழித்து நவி மும்பை டி.ஒய். பாட்டீல் மைதானத்தில், அரையிறுதியில் ஆஸ்திரேலியாவின் 338-ஐத் துரத்தி ஜெமிமா ரோட்ரிக்ஸ் ஆட்டமிழக்காமல் 127. நவம்பர் 2-ல் தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் வென்று உலகக் கோப்பை.

முதல் ஆண்டிலேயே ஜெயித்தவர்களும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டை வீழ்த்திய அந்த மும்பைக்குப் பயிற்சியாளராக இருந்த ஓம்கார் சால்விக்கு அதுதான் முதல் சீசன். விதர்பாவை வென்று 42-வது கோப்பை. ஆனால் ரஹானே, ஷ்ரேயஸ், ஷர்துல் என்று இந்தியாவுக்கு ஆடியவர்கள் கையில் இருக்க, 11-ம் ஆட்டக்காரரும் சதமடிக்கும் அணியோடு, 1988-க்குப் பிறகு ரஞ்சியைத் தொடாத ஓர் அணியின் புதுப் பயிற்சியாளரை ஒரே அளவுகோலில் நிறுத்தக் கூடாது.

நான்கு சீசன், நான்கு பேர்

தமிழ்நாட்டின் ரஞ்சி வரலாறு ஒரு பெருமூச்சு. 1954-55-ல் இந்தூரில் ஹோல்கரை வென்று முதல் கோப்பை. 1987-88-ல் எஸ். வாசுதேவன் தலைமையில் சேப்பாக்கத்தில் ரயில்வேயை வென்று இரண்டாவது. அவ்வளவுதான். 2003, 2004 என்று அடுத்தடுத்து இரண்டு இறுதிகளில் மும்பையிடமே தோற்றோம். 2012-ல் ராஜஸ்தானிடம், 2015-ல் கர்நாடகத்திடம்.

இந்த வரலாறு உள்ள ஒரு சங்கம் கடந்த சில ஆண்டுகளில் என்ன செய்தது? 2022-23-ல் எம். வெங்கட்ரமணா. 2023-24-ல் சுலக்ஷன் குல்கர்னி. 2024-25-ல் எல். பாலாஜி, அணி காலிறுதியில் நாக்பூரில் விதர்பாவிடம் 198 ரன்னில் தோற்றது. 2025-26-க்கு எம். செந்தில்நாதன், முதல் ஆட்டத்திலேயே கோவையில் ஜார்க்கண்டிடம் இன்னிங்ஸ், 114 ரன்னில் தோல்வி. இவர்கள் ஒவ்வொருவரும் கிரிக்கெட் தெரிந்தவர்கள். பாலாஜி, செந்தில்நாதன் யாருடைய தகுதியையும் நான் கேள்வி கேட்கவில்லை. ஒரு சீசனில் எந்த மனிதரும் என்ன செய்துவிட முடியும் என்றுதான் கேட்கிறேன். வீரர்களின் பெயரும் பழக்கமும் பிடிபடுவதற்கே பாதி சீசன் போய்விடும். எந்தப் பையன் அழுத்தத்தில் உடைவான், எவன் நிமிர்வான் என்று தெரிவதற்குள் பிப்ரவரி வந்துவிடும்.

அதைவிட மோசமான விளைவு ஒன்று உண்டு. ஓர் ஆண்டுதான் தன் ஆயுள் என்று தெரிந்த பயிற்சியாளர் 19 வயதுப் பையனை இறக்கிப் பார்க்க மாட்டார், அனுபவசாலியிடமே ஒட்டிக்கொள்வார். தோற்றால் தன் தலை உருளும் என்று தெரிந்தவர் நிருபர்களிடம் என்ன சொல்வார்? முடிவு எடுத்தது நானில்லை என்றுதான் சொல்வார். 2024 மார்ச் 4-ல் நாம் கேட்ட பேச்சில் அந்த பயம் கொஞ்சமாவது கலந்திருக்கும் என்று நினைக்கிறேன். பொறுப்பை மூன்று ஆண்டுக்குக் கொடுத்திருந்தால், அடுத்த சீசனிலும் இதே கேப்டனோடுதான் வேலை செய்ய வேண்டும் என்ற எண்ணமே நாக்கைக் கட்டியிருக்கும்.

சுலக்ஷன் குல்கர்னியின் முதல் சீசனுக்கு என் தீர்ப்பு இது. பயிற்சியாளராகத் தேர்ச்சி, அதுவும் நல்ல மதிப்பெண்ணில். இரண்டு போட்டிகளில் அரையிறுதி, ரஞ்சியில் ஐந்து வெற்றி, நாட்டின் சிறந்த பந்துவீச்சாளராக நிமிர்ந்த ஒரு கேப்டன். மும்பையின் வால் பகுதிக்குத் திட்டம் இல்லாதது அவருடைய பிழை. டாஸ் பற்றி ஊரறியப் பேசியது அதைவிடப் பெரிய பிழை. அதற்காக அவரைக் கூப்பிட்டுக் கண்டித்திருக்க வேண்டும், சாய் கிஷோரிடம் நேரில் பேசவைத்திருக்க வேண்டும். அந்த ஒரு சீசனோடு அனுப்பியது சங்கத்தின் பிழை. மூன்றிலும் தமிழ்நாட்டுக்கு அதிக நஷ்டம் கொடுத்தது இந்தக் கடைசிப் பிழைதான்.

தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்து யாரைப் பயிற்சியாளராக வைத்தாலும் மூன்று ஆண்டு ஒப்பந்தம் கொடுங்கள். எதை வைத்து அவரை மதிப்பிடப் போகிறீர்கள் என்பதை முதல் நாளே எழுதிக் கையில் கொடுங்கள், ரசிகர்களுக்கும் சொல்லுங்கள். ஒரு மார்ச் மாதத் தோல்விக்காக அவரை மாற்றாதீர்கள். 1988-க்குப் பிறகு பிறந்த தமிழ்நாட்டு ரசிகர் ஒருவர்கூட ரஞ்சிக் கோப்பை நம் கைக்கு வந்ததைப் பார்த்ததில்லை.